மூளையின் மேல் பழி போடலாமா?

(மோட்டார் வண்டிகளின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் கோளாறு காணும் முறை)

வீட்டில் ஒரு பாத்திரம் உடைந்துவிட்டால், அதன் அருகில் நின்றவள் மேல்தான் முதற்பழி விழும். வகுப்பறைச் சன்னலின் கண்ணாடி உடைந்தால், "சிஸ்டர், கண்ணாடி உடைந்துவிட்டது" என்று ஓடிச் சென்று சொன்னவளைத்தான் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். செய்தி சொன்னவளே செய்தவள் என்று முடிவு கட்டிவிடுவது மனித இயல்பு போலும்!

இப்படிப் பிறர் பழியைச் சுமக்கும் ஒன்று இன்றைய கார்களிலும் வேன்களிலும் இருக்கிறது. அதுதான் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் மாட்யூல் என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. பட்டறைகளில் இதனை இ.சி.எம். என்றும், "வண்டியின் கம்ப்யூட்டர்" என்றும், "மூளை" என்றும் கூறுவர். இந்த ஆண்டு ஜூன் மாதம் எங்கள் கண் முன்னே அந்த மூளையின் மேல் ஒரு பெரும்பழி விழுந்தது. ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு மணி நேரத்தில் அப்பழி நீங்கியது. அறிவியல் கழக மாணவியராகிய நாங்கள் அன்று கண்டதையும் கற்றதையும் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளி திறந்தது, வண்டி கிளம்பவில்லை

நம் பள்ளியின் பெட்ரோல் வேனை அறியாதவர் நம்மில் யாரும் இலர். பேருந்து வசதி இல்லாத இரண்டு சிற்றூர்களிலிருந்து ஒன்பது சிறுமியரை நாள்தோறும் அழைத்து வருவது அதுவே. சனிக்கிழமை மாலைகளில் மருந்தகச் சிஸ்டரை அதே ஊர்களுக்கு அழைத்துச் செல்வதும் அதுவே. கோடை விடுமுறையில் அந்த வேன் சமையற்கூடத்தை அடுத்த கொட்டகையில் ஒரு மாதத்திற்கு மேல் ஓடாமல் நின்றது. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் டிரைவர் அண்ணன் சாவியைத் திருப்பினார். செல்ஃப் மோட்டார் சுற்றியது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை.

வெளியிலிருந்து ஒரு மெக்கானிக் வரவழைக்கப்பட்டார். அவர் ஸ்கேனர் என்னும் சிறு கருவியை வண்டியில் பொருத்தினார். "தொடர்பு இல்லை" என்று அதன் திரையில் வந்தது. "கம்ப்யூட்டர் போய்விட்டது, மதர். புதிது போட ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஐம்பதாயிரம் ரூபாய் என்பது சிறு தொகையா? விடுதியின் ஒழுகும் கூரையை மழைக்கு முன் சரி செய்வதற்காக மதர் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது. ஒரு வாரம் வேன் வரவில்லை. ஒன்பது சிறுமியரில் நால்வர் மட்டும் உறவினரின் சைக்கிளில் வந்தனர். ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் தந்தை, "இப்படியே போனால் படிப்பை நிறுத்திவிட வேண்டியதுதான்" என்று சொல்லியனுப்பினாராம். கூரையா, வேனா என்று மதர் இரவெல்லாம் யோசித்ததாக விடுதித் தோழியர் கூறினர்.

அப்போது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். "சிஸ்டர், எங்கள் அப்பா ஆட்டோ எலக்ட்ரீஷியன். புதுப் பெட்டி வாங்குவதற்கு முன் அவர் ஒருமுறை பார்க்கலாமா?" என்றாள். அறிவியல் ஆசிரியை சிஸ்டர் உடனே ஒப்புக்கொண்டதோடு, அறிவியல் கழக மாணவியர் பத்துப் பேரும் அருகிலிருந்து பார்க்க மதரிடம் அனுமதியும் பெற்றுத் தந்தார்.

மூளை என்ன செய்கிறது?

வேனைத் தொடுவதற்கு முன், இப்பெட்டி யாது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து, சரியான நொடியில் தீப்பொறி பட்டு எரிய வேண்டும். பழைய கார்களில் இந்தக் கலவையைக் கார்புரேட்டர் என்னும் கருவி தன் துளைகளின் அளவால் கணித்தது. இன்று அதனை இ.சி.எம். கணிக்கிறது.

இதற்கு உதவியாகச் சென்சார்கள் பல உள்ளன. இவற்றைத் தமிழில் உணரிகள் எனலாம். எஞ்சின் சுற்றும் வேகத்தை ஒன்று சொல்லும். உள்ளே செல்லும் காற்றின் அழுத்தத்தை ஒன்று சொல்லும். தண்ணீரின் சூட்டை ஒன்று சொல்லும். எரிந்த புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை ஒன்று சொல்லும். இச்செய்திகளைக் கேட்டு, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது பொறி விட வேண்டும் என்று இ.சி.எம். நொடிக்குப் பலமுறை முடிவு செய்து கட்டளையிடுகிறது. கண்ணும் காதும் சொல்வதைக் கேட்டுக் கைகால்களை ஏவும் நம் மூளையை இது ஒத்திருக்கிறது அன்றோ?

மூளை எவ்வளவு சிறந்ததாயினும், கண் தவறாகக் கண்டால் அது தவறாகத்தான் முடிவு செய்யும். உணவும் இரத்தமும் வராவிட்டால் அது மயங்கித்தான் போகும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் கோளாறு காணும் கலையில் பாதி தெரிந்துவிட்டது எனலாம்.

மஞ்சள் விளக்கின் வரலாறு

டிரைவரின் முன்னுள்ள பலகையில் எஞ்சின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு இருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அது பிறந்ததற்குக் காரணம் புகை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண் எரிச்சல் தரும் புகைமூட்டம் பல ஆண்டுகள் வாட்டியது. ஆரி ஹாகன்ஸ்மித் என்னும் அறிவியலறிஞர், வாகனப் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் சூரிய ஒளியில் வினைபுரிவதே இதற்குக் காரணம் என்பதை 1950-களின் தொடக்கத்தில் விளக்கினார். பின்னர் 1970-இல் அந்நாட்டில் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. புகையைக் குறைக்கக் கலவையை நுட்பமாகக் கணிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது.

ஆனால் ஒரு சென்சார் பழுதானாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், புகை மட்டும் கூடும், ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆகவே வண்டி தன் குறையைத் தானே சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 1988-ஆம் ஆண்டு மாடல் வண்டிகளிலிருந்து விதித்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே வகை இணைப்பும் ஒரே வகை எண்களும் வந்தன. நம் நாட்டில் இம்முறையின் முதற்கட்டம் 2010-இலும், இரண்டாம் கட்டம் 2013-இலும் நடைமுறைக்கு வந்தன. 2020-இல் வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் இதனை மேலும் கடுமையாக்கின. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசித்துளைகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். ஸ்கேனர் அங்கேதான் பொருந்துகிறது.

எண் என்பது தீர்ப்பு அன்று

கோளாறு கண்டால் இ.சி.எம். ஓர் எண்ணைத் தன் நினைவில் எழுதி வைக்கும். அந்த எண் ஓர் ஆங்கில எழுத்தோடு தொடங்கும். எஞ்சினும் கியரும் சேர்ந்த பகுதிக்கு ஓர் எழுத்து, உடற்பகுதிக்கு ஓர் எழுத்து, பிரேக் முதலிய அடிப்பகுதிக்கு ஓர் எழுத்து, கம்ப்யூட்டர்களின் பேச்சுத் தொடர்புக்கு ஓர் எழுத்து என நான்கு வகை உண்டு. எழுத்தை அடுத்து நான்கு இலக்கங்கள் வரும். கோளாறு நேர்ந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூடாக இருந்தது என்பன போன்ற விவரங்களையும் அது படம் பிடித்தாற்போல் சேமித்து வைக்கும்.

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகின்றனர். எடுத்துக்காட்டாக, எஞ்சின் வகையைச் சேர்ந்த 0171 என்னும் எண்ணைக் காண்போம். கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பதே இதன் பொருள். இதைச் சொன்னது புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார். உடனே, "அந்தச் சென்சார் கெட்டுவிட்டது" என்று அதை மாற்றிவிடுவோர் உண்டு. புதிய சென்சாரும் அதே எண்ணைத்தான் தரும். ஏனெனில் உண்மையில் ஓர் இரப்பர் குழாய் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் குறைந்திருக்கலாம். சென்சார் உள்ளதை உள்ளபடி சொன்னது. அதற்குப் பரிசாக அது குப்பைக்குப் போனது!

ஆகவே எண் என்பது எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று காட்டும். எந்த வீடு என்று காட்டாது. சென்சார், அதன் கம்பி, கம்பிகளைச் சேர்க்கும் கப்ளர், மின்சாரம், எர்த், கடைசியாக இ.சி.எம். ஆகிய இத்தனையும் அத்தெருவில் குடியிருக்கின்றன.

முதலில் உணவு வருகிறதா?

சனிக்கிழமை காலை தோழியின் தந்தையார் வந்தார். கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு சோதனை விளக்கு, ஒரு ஸ்கேனர், வண்டியின் வயரிங் படம் ஆகியவை மட்டுமே இருந்தன. ஸ்பேனர் பெட்டியை அவர் திறக்கவேயில்லை. முதலில் டிரைவர் அண்ணனிடம், "எங்கே நின்றது, எத்தனை நாள் நின்றது, மழை பட்டதா, யாராவது வெல்டிங் வைத்தார்களா, பாட்டரியை மாற்றினார்களா?" என்று டாக்டர் நோயாளியைக் கேட்பது போல் கேட்டார். எங்களுக்கு வியப்பாக இருந்தது.

பிறகு சாவியைத் திருப்பி, "மஞ்சள் விளக்கு எரியுதா பாருங்கம்மா" என்றார். எரியவில்லை. "நல்ல வண்டியில சாவி போட்டதும் எரியணும், எஞ்சின் ஓடினதும் அணையணும். எரியவே இல்லைன்னா, பல்பு போயிருக்கணும், இல்ல கம்ப்யூட்டர் முழிச்சுக்கவே இல்லைன்னு அர்த்தம்" என்றார்.

அடுத்துப் பாட்டரி. ஓய்வில் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். எங்கள் வேனில் 12.4 காட்டியது. செல்ஃப் அடிக்கும்போது அது 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாதாம், 10.4-இல் நின்றது. பாட்டரி குற்றமற்றது.

மூன்றாவதாக ஃபியூஸும் ரிலேயும். ஃபியூஸைக் கழற்றிக் கண்ணால் பார்த்தால் போதாது என்றார். சோதனை விளக்கை வைத்து, விளக்கு பளிச்சென்று எரியும் அளவுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்தார். இ.சி.எம். கப்ளர் வரையில் மின்சாரம் குறைவின்றி வந்தது.

நான்காவது எர்த். மின்சாரம் வந்த வழியே பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் வழிதான் எர்த். எங்களில் ஒருத்தி, "மீட்டரில் தடையை அளந்தால் போதாதா?" என்று கேட்டாள். அவர் கிணற்றடியில் கிடந்த கயிற்றைக் காட்டினார். "இந்தக் கயிறு ஒரே ஒரு புரியில தொங்கினாலும் பார்க்கிறதுக்கு முழுசாத்தான் இருக்கும். நிறைஞ்ச வாளியை இழுத்தாத்தான் அறும். எர்த்தும் அப்படித்தான். வேலை வாங்கிட்டே அளக்கணும்" என்றார். ஆகவே சாவியைப் போட்டு, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாட்டரியின் எதிர்முனைக்கும் இ.சி.எம்.-இன் எர்த் கம்பிக்கும் இடையே வோல்ட் பார்த்தார். 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் வழியில் துருவோ தளர்ச்சியோ உண்டு என்று பொருள். எங்கள் வேனில் 0.04 மட்டுமே இருந்தது.

"சாப்பாடு வருது, தண்ணி வருது, ஆனா பேச மாட்டேங்குது. அப்ப செத்துப் போச்சுன்னு சொல்லலாமா? யாராவது வாயைப் பொத்தியிருக்காங்களான்னு பார்க்க வேண்டாமா?" என்று சிரித்தார் அவர்.

ஐந்து வோல்ட் என்னும் பொதுக்குழாய்

பாட்டரி தருவது 12 வோல்ட் அளவாயினும், சென்சார்கள் பலவற்றுக்கு இ.சி.எம். தன்னிடமிருந்து சரியாக 5 வோல்ட் மட்டும் கொடுக்கிறது. எங்கள் வேனில் மூன்று சென்சார்கள் ஒரே 5 வோல்ட் கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. விடுதியின் மேல்தொட்டியிலிருந்து ஒரே குழாய் வந்து, மூன்று குளியலறைகளுக்குப் பிரிவதைப் போன்றது இது. ஓரிடத்தில் குழாய் உடைந்துவிட்டால் எந்தக் குளியலறையிலும் தண்ணீர் வராது. உடனே கிணறு வற்றிவிட்டது என்று புதுக்கிணறு வெட்டுவோமா?

சில வண்டிகளில் இந்த 5 வோல்ட் எங்கேனும் எர்த்தில் பட்டுவிட்டால், இ.சி.எம். வேலையையே நிறுத்திவிடும். மஞ்சள் விளக்கும் எரியாது. ஸ்கேனருக்கும் பதில் வராது. பார்ப்பவர்க்கு அது இறந்தது போலவே தோன்றும்.

அவர் ஒரு சென்சாரின் கப்ளரைக் கழற்றி அளந்தார். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 0.2 வோல்ட் மட்டுமே இருந்தது! நாங்கள் அனைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்போது மூன்று சென்சார்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். கெட்டுப்போன சென்சார் ஒன்று உள்ளுக்குள் எர்த் ஆகியிருந்தால், அதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வர வேண்டும். முதலாவதைக் கழற்றினோம், மீட்டர் அசையவில்லை. இரண்டாவது, அசையவில்லை. மூன்றாவது, அப்போதும் 0.2 தான்.

எங்கள் முகங்கள் வாடிவிட்டன. மதர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் கம்ப்யூட்டர்தான் போய்விட்டதா?" என்று எங்களில் ஒருத்தி மெல்லக் கேட்டே விட்டாள்.

மூளை மேசை மேல், குற்றம் வண்டியில்

"இன்னும் ரெண்டு பேர் பாக்கி இருக்காங்க. ஒண்ணு கம்பி, இன்னொண்ணு கம்ப்யூட்டர். ரெண்டு பேரையும் பிரிச்சு வெச்சு விசாரிப்போம்" என்றார் அவர். முதலில் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றினார். இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னேற்றத்தை இறக்கிவிட்டு, இ.சி.எம்.-ஐக் கப்ளரிலிருந்து பிரித்து, ஆய்வுக்கூடத்து மேசை மேல் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். நாங்கள் அதைக் கண்ணாடிப் பாத்திரம் போல ஏந்திச் சென்றோம்.

இப்போது வண்டியில் சென்சார்களும் இல்லை, மூளையும் இல்லை, வெறும் கம்பிகள் மட்டுமே. மீட்டரை ஓம் அளவில் வைத்து, 5 வோல்ட் கம்பிக்கும் சென்சார்களின் எர்த் கம்பிக்கும் இடையே அளந்தார். இவை இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாதவை. ஆகவே மீட்டர் எண் எதையும் காட்டக்கூடாது. ஆனால் அது 0.4 ஓம் காட்டியது. இரு கம்பிகளும் எங்கோ ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன!

"பார்த்தீங்களா? உங்க கம்ப்யூட்டர் மேசை மேல இருக்கு. குத்தம் இன்னும் வண்டியிலதான் இருக்கு" என்றார். அந்தச் சொல் எங்கள் உள்ளத்தில் பசுமரத்தாணி போல் பதிந்துவிட்டது.

பிறகு கம்பிக் கட்டைக் கையால் தடவிக்கொண்டே சென்றார். வேனின் எஞ்சின் முன்இருக்கைக்கு அடியில் உள்ளது. அதன் பின்புறம், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடுக்கில் சில அரிசி மணிகளும் தேங்காய் நாரும் கிடந்தன. எலிக்கூடு! விடுமுறையில் சமையற்கூடத்து எலிகள் அங்கே குடியேறிக் கம்பிகளின் மேலுறையைக் கடித்திருந்தன. வெறுமையான இரு செப்புக்கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அவற்றைப் பிரித்து, கடிபட்ட பகுதியை வெட்டிப் புதுக்கம்பி சேர்த்து, பற்றவைத்து, சூடு பட்டால் சுருங்கும் உறையை மாட்டி, மேலே டேப் சுற்றினார். எல்லாவற்றையும் மறுபடி பொருத்திச் சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. நாங்கள் கைதட்டினோம். ஸ்கேனர் பேசியது. நினைவிலிருந்த எண்களை முதலில் தாளில் எழுதச் சொல்லி, அதன் பின்பே அவற்றை அழித்தார். அடுத்து செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அன்று மாலையே மருந்தகச் சிஸ்டர் வேனில் ஊர்களுக்குச் சென்றார். திங்கட்கிழமை ஒன்பது சிறுமியரும் வந்தனர். ஏழாம் வகுப்புச் சிறுமி இறங்கி ஓடி வந்ததை நாங்கள் மாடியிலிருந்து பார்த்தோம்.

இன்னொரு சோதனை

வேலை முடிந்த பின், சென்சாரையும் கம்பியையும் மூளையையும் பிரித்து விசாரிக்கும் இன்னொரு முறையை அவர் காட்டினார். தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாருக்கு இரண்டே கம்பிகள். சூடு கூடினால் அதன் தடை குறையும். அதன் கப்ளரைக் கழற்றியதும் ஸ்கேனரில் சூடு மைனஸ் 40 டிகிரி என்று வந்தது. நம் ஊரில் ஏது பனி என்று நாங்கள் சிரித்தோம். கழற்றிய கப்ளரின் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்ததும் 120 டிகிரிக்கு மேல் ஏறியது.

இதன் பொருள் என்ன? கம்பி துண்டானால் கடுங்குளிர் என்றும், கம்பிகள் ஒட்டிக்கொண்டால் கடுஞ்சூடு என்றும் மூளை சரியாகவே கணக்கிடுகிறது. அப்படியானால் மூளையும் நலம், கம்பியும் நலம். அதன்பின்னும் தவறு இருந்தால் அது சென்சாரிலோ கப்ளரிலோதான் இருக்க முடியும். இரண்டு கம்பியுள்ள இவ்வகைச் சென்சாருக்கே இச்சோதனை பொருந்தும். எல்லாவற்றிலும் கம்பி வைத்து இணைக்கக்கூடாது என்றும் அவர் எச்சரித்தார்.

மூளையே பழுதாவதும் உண்டு

இ.சி.எம். ஒருபோதும் கெடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வெள்ளத்தில் வண்டி மூழ்கினால் உள்ளே நீர் புகுந்து பலகை பச்சை பூத்துவிடும். பாட்டரி முனைகளை மாற்றிப் போட்டாலும், பாட்டரியைக் கழற்றாமல் வண்டியின் உடலில் வெல்டிங் வைத்தாலும் அது எரிந்துபோகக் கூடும். பொறி தரும் காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், அதை இயக்கும் பகுதி இ.சி.எம்.-இல் கருகிவிடும். இந்நிலையில் காயிலைக் கவனிக்காமல் புதுப்பெட்டியை மட்டும் போட்டால் புதுப்பெட்டியும் கருகும்!

தன் உள்ளேயே குறை இருப்பதை இ.சி.எம். சில சமயம் தானே ஒப்புக்கொள்ளும். எஞ்சின் வகையைச் சேர்ந்த 0601, 0606 ஆகிய எண்கள் அத்தகையவை. அப்போதும் மின்சாரத்தையும் எர்த்தையும் ஒருமுறை பார்த்துவிடுவதே முறை. மேலும் பல வண்டிகளில் புதுப்பெட்டியைச் சும்மா மாட்டினால் எஞ்சின் ஓடாது. திருட்டைத் தடுக்கச் சாவியோடு அதற்கு ஓர் இரகசிய ஒப்பந்தம் உண்டு. அந்த வண்டிக்குரிய மென்பொருளையும் ஏற்ற வேண்டும். ஆகவே, "வேறு வண்டியின் பெட்டியை மாட்டிப் பார்ப்போம்" என்பது எப்போதும் நம்பத்தக்க சோதனை அன்று.

பெற்றோருக்குச் சில சொற்கள்

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் பதற வேண்டாம். விரைவில் காட்டினால் போதும். எஞ்சின் உதறி, விளக்கு விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதே நல்லது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் சென்று, புகையைத் தூய்மை செய்யும் விலைமிக்க கருவியைப் பாழாக்கிவிடும்.

எண்களை எழுதிக்கொள்ளாமல் அழிக்க விடாதீர்கள். அது நோயாளியின் சீட்டைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். "பெட்டி போய்விட்டது" என்று யாரேனும் கூறினால், "மின்சாரம், எர்த், 5 வோல்ட் மூன்றையும் அளந்து பார்த்தீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார், மகிழ்வார். வண்டி நெடுநாள் நிற்குமானால் அரிசி மூட்டைக்கு அருகில் நிறுத்தாதீர்கள்!

இன்னும் ஒன்று. அன்று மதர் கூலி எவ்வளவு என்று கேட்டபோது, தோழியின் தந்தையார், "கம்பிக்கும் உறைக்கும் எண்பது ரூபாய் போதும் மதர்" என்றார். மதர் சம்மதிக்கவில்லை. "பொருளை மாற்றினால் காசு கொடுக்கிறோம். யோசித்துக் கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மாட்டோமா? அதுதானே எங்கள் கூரையைக் காப்பாற்றியது!" என்று கூறி, இரண்டு மணி நேரத்திற்கு உரிய கூலியை அவர் கையில் கொடுத்தார். எங்கள் தோழியின் முகத்தில் அப்போது தோன்றிய பெருமையை எழுத எங்களுக்குச் சொற்கள் போதா.

முடிவுரை

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் வாக்கு. முதலில் வந்த மெக்கானிக் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். பதில் வரவில்லை என்பதைக் கண்டு, அதுவே குற்றம் என்று பதறி முடிவு கட்டிவிட்டார். இரண்டாவதாக வந்தவர் பதறவில்லை. ஒவ்வொருவராக விசாரித்து, குற்றமற்றவரை விடுவித்துக்கொண்டே சென்றார். கடைசியில் குற்றம் தானாகவே வெளிப்பட்டது.

தோழியரே! அன்றுமுதல் எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஏதேனும் ஒன்று காணாமற் போனாலோ உடைந்தாலோ, யாரேனும் ஒருத்தியின் பெயரைச் சொல்ல வாய் திறக்கும்போது, "5 வோல்ட் பார்த்தாயா?" என்று மற்றவள் கேட்பாள். உடனே எல்லாரும் சிரித்துவிடுவோம். சிரித்த பின் தேடுவோம். காணாமற்போன பொருள் பெரும்பாலும் தேடியவளின் பைக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது!

— அறிவியல் கழகத்தின் சார்பில்,
பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி